‘தெரியாம செஞ்சுட்டேன்’ என்று கோர்ட்டில் சொன்னால் என்ன அர்த்தம்?

தமிழில் மன்னிப்புக் கேட்கும்போது நம் வாயில் முதலில் வருவது ‘தெரியாம செஞ்சுட்டேன்’ என்பதுதான். பஸ்ஸில் பக்கத்து ஆளின் காலை மிதித்தாலும் அதுதான், கோபத்தில் தம்பியை அறைந்தாலும் அதுதான். வீட்டில் அதைக் கேட்பவருக்கு நாம் என்ன சொல்ல வருகிறோம் என்று புரிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த் கோர்ட்டிலோ வெருலம் கோர்ட்டிலோ கூண்டில் நிற்கும் ஒருவர் சொன்னால் அப்படி இல்லை. மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் ‘எனக்கு அந்த விஷயம் தெரியாது’ என்று சொல்லலாம்; ‘தவறுதலாக நடந்துவிட்டது’ என்றும் சொல்லலாம்; ‘செய்தது தப்புதான், வருந்துகிறேன்’ என்றும் சொல்லலாம். முதலாவது விடுதலை கேட்கும் வாதம். இரண்டாவது கவனக்குறைவை ஒப்புக்கொள்வதாக ஆகிவிடலாம். மூன்றாவது முழுக் குற்றத்தையும் ஏற்றுக்கொண்டு தண்டனையில் இரக்கம் கேட்பது. ஒரே தமிழ் வாக்கியம், மூன்று முடிவு.

நமக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்கவும், அது முடியாவிட்டால் அந்த மொழியில் மொழிபெயர்த்துக் கேட்கவும் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமை நமக்குப் பயன்பட வேண்டுமானால், சட்டம் மனத்தை எப்படிக் கூறுபோடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது ‘இது எந்த செக்‌ஷன்?’ என்றுதான். தென்னாப்பிரிக்காவில் கொலைக்கு இந்தியாவின் பழைய 302 மாதிரி ஒரு எண் கிடையாது. கொலை, திருட்டு, அடிதடி எல்லாம் ரோமன்-டச்சுச் சட்டத்திலிருந்து வந்து, ஆங்கிலச் சட்டம் கலந்து, தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச் சட்டக் குற்றங்கள். எந்தக் குற்றமானாலும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியவை இவை: ஒரு செயல் நடந்தது, அது சட்டவிரோதமானது, செய்தவருக்குப் பொறுப்பேற்கும் திறன் இருந்தது, அந்தக் குற்றத்துக்கு வேண்டிய மனநிலை இருந்தது. செயலை ‘ஆக்டஸ் ரேயஸ்’ என்றும் மனநிலையை ‘மென்ஸ் ரேயா’ என்றும் வக்கீல்கள் சொல்வார்கள். இவற்றில் ஒன்றிலாவது நியாயமான சந்தேகம் எழுந்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

செயல் என்றால் உடம்பு அசைந்தது மட்டுமல்ல, மனம் வைத்து அசைத்தது. தூக்கத்தில் கை பட்டு ஒருவருக்குக் காயமானால் சட்டத்தின் கண்ணில் அது செயலே அல்ல. வலிப்பும் அப்படித்தான். ஆனால் இங்கே பலர் சறுக்குவார்கள். தனக்கு வலிப்பு வரும் என்று தெரிந்தும் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால், கோர்ட் வலிப்பு வந்த நொடியைப் பார்க்காது. வண்டியில் ஏறி உட்கார்ந்த நொடியைப் பார்க்கும். 1943-இல் விக்டர் வழக்கில் ஓட்டுநருக்குத் தண்டனை கிடைத்தது இப்படித்தான்.

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் 1966-இன் ஃபெர்னாண்டஸ் வழக்கு. ஒருவர் கூண்டில் ஒரு பபூன் குரங்கை வளர்த்தார். அது தப்பியது. கூண்டைச் சரியாகப் பழுதுபார்க்காததால் மறுபடியும் வெளியே வந்து ஒரு குழந்தையைக் கடித்தது, குழந்தை இறந்தது. கடித்தது குரங்கு, மனிதனின் செயல் எங்கே இருக்கிறது? அரைகுறையாகக் கட்டிய கூண்டில் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ‘நான் அந்த இடத்திலேயே இல்லையே’ என்பது இதனால்தான் முழுப் பதில் ஆகாது.

சும்மா இருப்பதும் சில நேரம் செயலாகும். தெருவில் அந்நியர் ஒருவர் அடிபடுவதைப் பார்த்து ஒதுங்கிப் போனால் பொதுவாகக் குற்றமில்லை. பெற்றோர், காவலர், ஆபத்தைத் தானே உண்டாக்கியவர் போன்று தடுக்கும் கடமை உள்ளவர்கள் ஒதுங்க முடியாது. கடமை உண்டா என்பதைச் சமூகத்தின் சட்ட உணர்வை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்று 1975-இல் ஈவல்ஸ் வழக்கு சொன்னது. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஒருவரை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற காவலர்களைப் பற்றிய சிவில் வழக்கு அது. குற்ற வழக்குகளிலும் இந்த அளவுகோல்தான் பயன்படுகிறது.

கொலை போன்ற குற்றங்களில் செயலுக்கும் சாவுக்கும் சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். வங்கிக் கொள்ளையில் ஒரு காசாளருக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே குண்டு பாய்ந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தேறி, சக்கர நாற்காலியில் வேலைக்குக்கூடத் திரும்பினார். டாக்டர்கள் சொன்னபடி அடிக்கடி இடம் மாற்றி உட்காராததால் படுக்கைப்புண் வந்து, சீழ் பிடித்து, சுட்ட நாளிலிருந்து சுமார் 6 மாதத்தில் இறந்தார். குண்டு இல்லையென்றால் புண் இல்லை. அந்த அளவில் காரணம் உண்மைதான். ஆனால் சட்டப்படி சுட்டவர்கள் தலையில் சாவைச் சுமத்த முடியாத அளவுக்கு அது தூரமாகிவிட்டது என்று 1990-இல் மொகெத்தி வழக்கில் முடிவானது. கொலை கொலைமுயற்சியாகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு ‘ஆஸ்பத்திரி சரியாகப் பார்க்கவில்லை, அதனால் நான் தப்பித்தேன்’ என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் போகும் என்ற காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கியவர், பின்னால் நடந்த மருத்துவக் குறைபாட்டைக் காட்டித் தப்ப முடியாது என்று டெம்பானி வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டவிரோதம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தைப்பூசத்துக்கு டர்பன் கோயில்களில் காவடி எடுப்பவரின் கன்னத்தில் அலகு குத்துபவர், ஊசியை வேண்டுமென்றேதான் குத்துகிறார். செயல் உண்டு, எண்ணமும் உண்டு. வயதுவந்தவர் தெரிந்தே தந்த சம்மதமும், சமூகம் ஏற்ற வழக்கமும் அதைச் சட்டவிரோதம் ஆக்காமல் காக்கின்றன. தற்காப்பும் இந்த இடத்தில்தான் வந்து சேரும். பொறுப்பேற்கும் திறனையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைமேல் வழக்குப் போட முடியாது; 12 முதல் 14 வயதுக்குள் என்றால், அந்தப் பிள்ளைக்குத் திறன் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். மனநோய் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு. அங்கே நிரூபிக்கும் சுமை அதை எழுப்பும் தரப்புக்கு.

இனி மனம். என் கணிப்பில் நம் ஆட்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். ‘வேணும்னே செய்யல’ என்று சொன்னால் கொலைக் குற்றம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. ‘வேண்டுமென்றே’ என்பதற்கு இந்த நாட்டுச் சட்டம் மூன்று படி வைத்திருக்கிறது. அவன் சாக வேண்டும் என்றே சுடுவது முதல் படி. இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கடையைக் கொளுத்துகிறான், மாடியில் ஆள் தூங்குவது தெரியும், ஆள் சாவது நிச்சயம் என்றும் தெரியும். சாவு அவன் குறியல்ல, ஆனாலும் இரண்டாம் படி. மூன்றாவதுதான் ‘டோலஸ் எவென்டுவாலிஸ்’. அதில் இரண்டு பாகம்: சாவு நேரலாம் என்று அவன் மனத்தில் நிஜமாகவே பட்டிருக்க வேண்டும், பட்டும், அதற்கு உடன்பட்டு மேலே போயிருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது பாகத்துக்குத் தமிழில் அச்சாகப் பொருந்தும் சொல் நம்மிடமே இருக்கிறது: ‘ஆனா ஆகட்டும்’. ஆபத்தைப் பார்க்கிறான், ‘ஆனா ஆகட்டும்’ என்று கை ஓங்குகிறான். செத்தால் அது கொலை. அதே ஆபத்தைப் பார்த்து, ‘ஒண்ணும் ஆகாது’ என்று நம்பிச் செய்கிறான். அது கொலையல்ல, தெரிந்தே செய்த கவனக்குறைவு. ‘அது தோணவே இல்லையே’ என்பவன் தெரியாமல் செய்த கவனக்குறைவில் விழுவான், அதுவும் நிதானமுள்ள ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்றால்.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தக் கோடு தெளிவாகத் தெரியும்.

2013 பிப்ரவரி 14 அதிகாலை, பிரிட்டோரியாவில் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் பூட்டிய கழிவறைக் கதவு வழியே நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்த அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப் இறந்தார். திருடன் என்று நினைத்தேன் என்றார். விசாரணை நீதிமன்றம் 2014-இல் கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்றுதான் தீர்த்தது. உள்ளே இருப்பது ரீவா என்று அவருக்குத் தோன்றியதா என்று கேட்டு, இல்லை என்று முடித்தது. 2015 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்வியே தப்பு என்றது. உள்ளே இருப்பது யார் என்பது முக்கியமில்லை. ஒளிந்து நிற்க இடமில்லாத சின்ன அறை, மரக்கதவு, நான்கு குண்டுகள்: கதவுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யாராக இருந்தாலும் சாகலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தே சுட்டார். கொலை. 6 வருடமாக விதிக்கப்பட்ட தண்டனை 2017-இல் 13 வருடம் 5 மாதமானது.

மற்றது ஹம்ஃப்ரீஸ் வழக்கு. 2010 ஆகஸ்ட் 25, கேப் டவுனுக்குப் பக்கத்தில் பிளாக்ஹீத் ரயில்வே கேட். கேட் இறங்கியிருக்கிறது, கார்கள் வரிசையாக நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் 14 பேரை ஏற்றிய ஒரு மினிபஸ் வரிசையைத் தாண்டி, கேட்டைச் சுற்றித் தண்டவாளத்தில் ஏறியது. ரயில் மோதி 10 பிள்ளைகள் இறந்தார்கள். ஹை கோர்ட் கொலை என்று 20 வருடம் விதித்தது. 2013-இல் மேல்முறையீட்டில் நீதிபதிகள் இரண்டு பாகத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார்கள். ரயில் மோதலாம் என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருந்ததா? தெரியாமல் இருக்க முடியாது. முதல் பாகம் தேறியது. ‘ஆனா ஆகட்டும்’ என்று போனாரா? மோதினால் அவரும் சாவார். அவர் சாகத் துணிந்தவர் என்பதற்குச் சாட்சி எதுவும் இல்லை. முன்பும் அதே கேட்டை அப்படித் தாண்டிப் பிழைத்திருந்தார். இன்றும் பிழைப்பேன் என்று நம்பிப் போனார். அது ‘ஒண்ணும் ஆகாது’. கொலைத் தீர்ப்பு போய், தண்டனை 8 வருடமானது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் இந்தத் தீர்ப்பு எப்படி எரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சட்டம் சாவின் எண்ணிக்கையை வைத்து மனத்தை அளப்பதில்லை. அது சரி என்றே நான் நினைக்கிறேன்.

கவனக்குறைவால் சாவு நேரும் இந்தக் குற்றத்துக்கு இங்கே பெயர் ‘கல்ப்பபிள் ஹோமிசைட்’. தமிழ்நாட்டுச் செய்தி படித்துப் பழகியவர்கள் இந்தப் பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். இந்தியச் சட்டத்தில் அதே பெயருள்ள குற்றத்துக்கு எண்ணமோ, சாவு நேரக்கூடும் என்ற அறிவோ வேண்டும். கவனக்குறைவால் நேரும் சாவு அங்கே தனிப் பிரிவு, பழைய 304-ஏ. தென்னாப்பிரிக்காவில் ‘கல்ப்பபிள் ஹோமிசைட்’ என்றாலே கவனக்குறைவால் நேர்ந்த சாவு. ஊரிலிருக்கும் வக்கீல் சொந்தக்காரரிடம் போனில் கேட்டு, ‘அதை மட்டும் ஒத்துக்காதே, அது கொலைக்குச் சமம்’ என்று பதில் வந்தால், அவர் வேறொரு குற்றத்தைப் பற்றிப் பேசுகிறார்.

கவனக்குறைவைக் கோர்ட் மூன்று கேள்வியில் அளக்கும். நிதானமுள்ள ஒருவருக்கு இந்த விளைவு முன்கூட்டியே பட்டிருக்குமா? பட்டிருந்தால் தடுக்க ஏதாவது செய்திருப்பாரா? இவர் அதைச் செய்யவில்லையா? இங்கே நம் மனத்தில் என்ன ஓடியது என்பதைவிட, அந்த நிதானமுள்ளவரின் மனம்தான் அளவுகோல். 1933-இன் ம்பொம்பெலா வழக்கில் ஒரு கிராமத்து இளைஞர் இருட்டுக் குடிசையில் இருந்த உருவத்தை ‘டிக்கொலோஷே’ என்ற பேய் என்று மனதார நம்பி வெட்டினார். செத்தது அவருடைய உறவுக்காரப் பிள்ளை. மனிதரைக் கொல்லும் எண்ணம் இல்லாததால் கொலை இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை நியாயமானதல்ல என்று கவனக்குறைவுக்குத் தண்டித்தார்கள். அளவுகோலில் அவர் வளர்ந்த சூழலைச் சேர்க்கவே மாட்டோம் என்றது அன்றைய நீதிமன்றம். அது இன்றுவரை விமர்சிக்கப்படுகிறது, விமர்சனம் நியாயமானது.

சட்டம் தெரியாது என்பது சாக்கு அல்ல என்று உலகமெங்கும் சொல்வார்கள். இந்த நாட்டில் அப்படி இல்லை. 1977-இல் டி பிளொம் வழக்கில் ஒரு பெண் அனுமதியில்லாமல் வெளிநாட்டுப் பணமும் நகையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகப் பார்த்தார் என்று குற்றச்சாட்டு. பணத்துக்கு விதி உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றார்கள், அந்தத் தண்டனை நின்றது. சொந்த நகைக்கும் அனுமதி வேண்டும் என்று தெரியாது என்பதை நம்பி, நகை விஷயத்தில் விடுவித்தார்கள். எண்ணம் தேவைப்படும் குற்றத்தில், செய்வது சட்டவிரோதம் என்ற அறிவும் எண்ணத்துக்குள் அடங்கும் என்பது அன்றிலிருந்து சட்டம். ஆனால் கவனக்குறைவே போதும் என்ற குற்றங்களில் இது எடுபடாது. ஒரு தொழிலில் இறங்கியவர் அந்தத் தொழிலின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததே கவனக்குறைவு. டாக்சி ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 100 மில்லிக்கு 0.02 கிராம் என்று தெரியாது, எல்லாருக்கும் போல 0.05 என்று நினைத்தேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1981-இல் கிரெட்டியன் வழக்கு: பார்ட்டி முடிந்து, நிறையக் குடித்த ஒருவர் கூட்டத்துக்குள் வண்டியை விட்டார். ஒருவர் இறந்தார், ஐந்து பேருக்குக் காயம். வண்டி வருவதைப் பார்த்து எல்லாரும் ஒதுங்குவார்கள் என்று அந்தப் போதையில் நம்பியிருந்தார். சாவுக்குக் கவனக்குறைவுத் தண்டனை உண்டு. காயம்பட்ட ஐவர் விஷயத்தில் எண்ணம் இல்லை என்று விடுதலை. மிதமிஞ்சிய போதை எண்ணத்தை மட்டுமல்ல, பொறுப்பேற்கும் திறனையும் செயலின் தன்மையையுமே அழிக்கலாம் என்றும் சொன்னார்கள். நாடு கொதித்தது. 1988-ஆம் ஆண்டின் 1-ஆம் எண் சட்டம் வந்தது: தானாகக் குடித்துத் திறன் இழந்து, அதனால் குற்றத்திலிருந்து விடுபடுபவரை, அந்த நிலையில் அந்தச் செயலைச் செய்ததற்காகவே தண்டிக்கலாம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்தப் புதுக் குற்றத்தில் ‘திறன் இல்லை’ என்பதை அரசுத் தரப்பே சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும். போதை முற்றியிருந்ததா இல்லையா என்று நிச்சயமில்லாத ஒருவர் இரண்டு குற்றத்துக்கும் நடுவே நழுவிவிடலாம். ஆனால் அதை நம்பி யாரும் வாதம் கட்ட வேண்டாம். பீர் குடித்ததால் கோபம் அடங்கவில்லை என்பது திறன் இழப்பு அல்ல, நடைமுறையில் பெரும்பாலோர் இந்த ரகம்.

மனத்துக்குள் யாரும் எட்டிப்பார்க்க முடியாது, பிறகு எப்படி நிரூபிப்பார்கள்? நடத்தையிலிருந்து. எந்த ஆயுதம், உடம்பில் எந்த இடம், எத்தனை அடி, எவ்வளவு தூரம், முன்னால் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பின்னால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாரா ஓடினாரா. 1939-இன் பிளொம் வழக்கு (மேலே சொன்ன டி பிளொம் வேறு) இதற்கு இரண்டு விதி வைத்தது: எடுக்கும் முடிவு நிரூபிக்கப்பட்ட எல்லா விவரத்தோடும் ஒத்துப்போக வேண்டும், அந்த விவரங்கள் வேறு எந்த நியாயமான முடிவுக்கும் இடம் தரக் கூடாது.

கடைசியாக, குற்றத்தை ஒத்துக்கொள்ளும் அறிக்கை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112(2) படி எழுதித் தருவது இது. ஒரு சின்னத் திருட்டை எடுத்துக்கொள்வோம். டர்பன் ஃபீனிக்ஸில் ஒரு கடை, கவுன்டரில் யாரோ மறந்துவிட்ட போன், கடைப் பையன் எடுத்துப் பாக்கெட்டில் போட்டான். செயல் முடிந்தது. திருட்டு ஆக, சொந்தக்காரரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும். 1955-இல் சிபியா வழக்கு அதை உறுதியாக்கியது. காரை எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பி விடலாம் என்றவர் திருடரல்ல என்று ஆனதால்தான், 1956-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் சட்டம் அதைத் தனிக் குற்றமாக்கியது. போனை அணைத்து, சிம்மைக் கழற்றி எறிந்தானா? எண்ணம் வெளிச்சமாகிவிட்டது. மணி அடித்தபோது எடுத்துப் பேசி ‘அண்ணா, நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க’ என்றானா? திருட்டே இல்லை. கல்லாப் பணம் மட்டும் வேறு. ‘சம்பளத்தன்று வைத்துவிடுவேன்’ என்பது பொதுவாக எடுபடாது. செலவழித்த நோட்டு திரும்பி வரப்போவதில்லை.

ஆகவே அறிக்கையில் ‘போனை எடுத்தது நான்தான்’ என்ற ஒரு வரி போதாது. எந்தத் தேதி, எந்த இடம், யாருடைய பொருள், அவர் அனுமதி இல்லை, நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தது, தவறு என்று அப்போதே தெரியும் என்று ஒவ்வொன்றும் அவரவர் விவரத்தோடு இருக்க வேண்டும். அச்சடித்த படிவத்தில் ‘எனக்கு எண்ணம் இருந்தது’ என்ற வரி ஏற்கெனவே இருக்கும். அது உண்மையில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், வக்கீலிடம் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவருக்கு அரசு சட்ட உதவி வக்கீல் உண்டு. மாஜிஸ்திரேட் கேள்வி கேட்கும்போது ‘திருப்பித் தரலாம்னுதான் இருந்தேன்’ என்று வாய்தவறி வந்தாலும், தண்டனைக்கு முன்னால் எந்தக் கட்டத்திலும் 113-ஆம் பிரிவில் அவர் ‘குற்றமில்லை’ என்று பதிவை மாற்றி, விசாரணைக்கு அனுப்ப வேண்டும். சந்தேகப்பட்ட விஷயத்தைத் தவிர, அதுவரை ஒத்துக்கொண்ட மற்ற விவரங்கள் அப்படியே நிரூபணமாக நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால், ‘தெரியாம’ என்ற சொல்லையே வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ‘அது அவர் பொருள் என்று எனக்குத் தெரியாது’, ‘கை வழுக்கி விழுந்தது’, ‘தெரிந்துதான் செய்தேன், இப்போது வருந்துகிறேன்’ என்று எது உண்மையோ அதை முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அவர் சொன்னது காதில் வேறு மாதிரி விழுந்தால், அந்த இடத்திலேயே கையைத் தூக்கி வக்கீலிடம் சொல்லுங்கள். அங்கே எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் படிப்பது அந்த ஆங்கிலத்தைத்தான்.